கித்தாரின் மார்பில் ஒரு காப்புத் தகடு

கித்தார் என்னும் வாத்தியத்தின் மேற்பலகையில், ஒலித்துளையின் அருகே, மெல்லிய தந்திகள் ஓடும் பக்கமாக, ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் ஒட்டப்பட்டிருக்கும் கருநிறத் தகட்டைப் பார்க்காதவர் இரார். ஆயினும் அது அங்கே எதன் பொருட்டு அமர்ந்திருக்கிறது என்று சிந்தித்தவர் சிலரே. பிக்கார்டு என்று வாசிப்பவர்கள் வழங்கும் அந்தக் காப்புத் தகடு, கடையில் வாங்கிய வாத்தியத்தில் பிறவியிலேயே அமைந்திருப்பதால் யாருடைய உறக்கத்தையும் கெடுப்பதில்லை. மாதக்கணக்கில் உழைத்து, பலகையை இழைத்து இழைத்து மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலியச் செய்து, விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, தம் கையாலேயே ஒரு கித்தாரைச் செய்து முடித்தவருக்கோ அது பெரிய தர்மசங்கடம். ஒட்டினால் நாதம் மழுங்கிவிடுமோ என்று ஓர் அச்சம். ஒட்டாவிட்டால், தந்தியை மீட்டும் சிறு வில்லையாகிய பிக் உரசி உரசிப் பலகை பாழாகிவிடுமோ என்று மற்றோர் அச்சம். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வாதிடுவோர், உண்மையில் அஞ்சத்தக்க மூன்றாவது ஒன்றை மறந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மரமும் தகடும் வெவ்வேறு காரணங்களால், வெவ்வேறு வேகத்தில் விரிவதும் சுருங்குவதுமான பதார்த்தங்களாகையால், அவற்றைப் பிரிக்க முடியாதபடி ஒன்றாக ஒட்டிவைப்பதில் இருக்கும் ஆபத்தே அது. தம்பின் போன்ற ஈரமான ஊரில் அதை அலட்சியம் செய்வதற்கில்லை.

தம்பின், நெகிரி செம்பிலானின் தென்கோடியில் மலாக்காவின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்; எவ்வளவு ஒட்டி என்றால், அதன் பெயரைத் தாங்கிய ரயில் நிலையமே எல்லைக்கு அப்பால், மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங்கில் நிற்கிறது. 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிபப் பயிராக நட்டதைத் தொடர்ந்து, இவ்வட்டாரத்துக் குன்றுகளும் சரிவுகளும் மெல்ல மெல்லப் பால்மரக் காடுகளாகி, பிற்காலத்தில் அவற்றுள் பெரும்பகுதி செம்பனைக்கு இடம் கொடுத்தது. அந்தத் தோட்டத்து லயங்களில் கோயில் பஜனைக்கு மிருதங்கமும் ஆர்மோனியமும் எவ்வளவு உரியனவோ, அவ்வளவு உரியதாய் இளைஞர் கூட்டத்துக்குக் கித்தாரும் வாய்த்தது. ‘காப்போக்’ என்ற சீன நாட்டு முத்திரையின் பெயர் மலேசியாவில் சாதாரணக் கித்தாருக்கெல்லாம் பொதுப் பெயராகவே வழங்கியது. கையால் கித்தார் செய்யும் கலையும் இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜெஃப்ரி யோங், சாலையோரத்தில் நிழலுக்காக நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் பலகையைக் கித்தாரின் முதுகுக்கும் விலாவுக்கும் பயன்படுத்தி, கடல் கடந்தும் பெயர் பெற்றவர். இத்தகைய கைவினைஞர் யாராயினும் இங்கே முதலில் எதிர்கொள்ளவேண்டியது காற்றின் ஈரத்தைத்தான். ஆண்டு முழுவதும் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும் ஒப்பு ஈரப்பதம், விடியற்காலை மூடுபனியில் 100-ஐ நெருங்குவதும், வெயில் காயும் பிற்பகலில் 60 வரை இறங்குவதும் இத்தோட்டங்களில் அன்றாட நிகழ்ச்சி.

முதலில், காப்பு எதற்காக வேண்டும் என்பதைப் பார்ப்போம். மேற்பலகைக்கு உலகெங்கும் பெரிதும் விரும்பப்படுவது ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரம். ஒரு கன மீட்டருக்கு 400 முதல் 450 கிலோகிராம் அளவே எடையுள்ள அந்த மரம், தன் எடைக்கு ஒப்பிட்டால் வியக்கத்தக்க விறைப்புடையது. அந்த விறைப்பும் இலேசும் சேர்ந்திருப்பதாலேயே தந்தியின் சிறு அதிர்ச்சியையும் அது காற்றுக்கு எடுத்துக் கொடுக்கிறது. ஆனால் அதன் மேனி மிருதுவானது. வசந்தத்தில் விரைந்து வளர்ந்த வெளிறிய பட்டையும், கோடையின் இறுதியில் நிதானமாக வளர்ந்து இறுகிய கருத்த கோடும் மாறி மாறி வருவதே அதன் ஆண்டு வளையம். வெப்ப மண்டலத்துப் பால்மரத்தில் இந்த வரிகளை நாம் தெளிவாகக் காண்பதில்லை. கித்தாருக்காக ஆரத்தின் திசையில் அறுத்த பலகையில் இவ்வளையங்கள் நெருங்கிய நேர்கோடுகளாய்த் தலை முதல் கால் வரை ஓடும். பிக் வந்து உரசும்போது மெத்தென்ற வெளிறிய பகுதி முதலில் தேய்ந்து பள்ளமாகிறது. இறுகிய கோடுகள் வரப்புகளாய் எஞ்சி நிற்கின்றன. மேலிருந்த மெருகு முன்னமே போய்விட்டதால், அந்தப் பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் ஈரமும் தடையின்றி இறங்குகின்றன.

பால்மரம் வெட்டி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. உளி பட்டையை மட்டும் சீவவேண்டும். அதற்குள் மெல்லிய ஏடாய் இருக்கும் வளர்படையை அது தொட்டுவிட்டால், அந்த இடத்தில் மரம் காயம்பட்டுப் புடைத்துப் போகும், கங்காணியின் ஏச்சும் கூடவே வரும். எனினும் அளவறிந்து சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்து இன்னொரு சுற்று வெட்டுக்குத் தயாராகிறது. உயிரற்ற ஸ்புரூஸ் பலகைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-ஆம் ஆண்டிலிருந்து வாசித்துவரும் ‘ட்ரிக்கர்’ என்ற கித்தார் இதற்கு உலகறிந்த சாட்சி. மார்ட்டின் நிறுவனத்தார் நைலான் தந்தி கட்டி விரலால் மீட்டுவதற்கென்று காப்பின்றிச் செய்த என்-20 என்னும் வகையைச் சேர்ந்த அதை, அவர் பிக் கொண்டே வாசித்து வந்தார். விளைவாக ஒலித்துளைக்கும், தந்திகளைப் பலகையில் தாங்கும் குதிரைக்கும் இடையே, அந்தத் துளைக்குத் தம்பி போல, பலகையை ஊடுருவி மற்றொரு பெருந்துளை விழுந்துவிட்டது. அதன் பிறகும் அவர் அதையே வாசிக்கிறார், ரசிகர்களும் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

காப்புத் தகட்டின் வரலாறு, பிக்கின் வரலாற்றைப் பின்தொடர்ந்தே வருகிறது. ஆட்டுக்குடல் நரம்பு கட்டி விரல் நுனியால் வாசித்த காலத்துக் கித்தாருக்கு அது தேவைப்படவில்லை. உலோகத் தந்தியும் பிக்கும் கொண்ட நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலினிலோ, 19-ஆம் நூற்றாண்டிலேயே மேற்பலகையைச் செதுக்கி ஆமையோட்டுத் தகட்டைப் பதித்துவிட்டார்கள். 1796-இல் ஜெர்மானிய நாட்டில் பிறந்து 1833-இல் நியூயார்க் வந்து சேர்ந்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் தொடங்கிய நிறுவனத்தின் கித்தார்கள், ஒரு நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் வெறும் மார்போடுதான் விற்பனையாயின. 1920-களில் எஃகுத் தந்தி பொது வழக்காகி, ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் விசையோடு குதிரையை இழுக்கத் தொடங்கி, வாத்தியக் கோஷ்டிகளின் நடுவே தன் குரல் கேட்கவேண்டுமென்று வாசிப்பவர் பிக்கைப் பலமாக வீசத் தொடங்கிய பிறகே, 1930-ஐ ஒட்டி, அவற்றின் மேல் காப்புத் தகடு வழக்கமாயிற்று. கிப்சன் நிறுவனத்தார் இதற்கு முன்பே, பலகையைத் தொடாமல் மேலே தூக்கி நிற்கும் ஒரு தகட்டை அமைத்து 1909-இல் காப்புரிமையும் பெற்றிருந்தார்கள். ஒட்டுவதிலுள்ள தொல்லைகளெல்லாம் பிற்பாடு தெரியவந்தபோது, அந்தத் தூக்கி நிற்கும் தகட்டின் அருமை விளங்கியது.

ஆமையோடு என்றேன். அது எந்த ஆமையுடையதும் அன்று. அழுங்காமை என்று நம்மவர் அழைக்கும் கடலாமையின் முதுகில் ஓடுகளாய் அடுக்கி நிற்கும் 13 பெருஞ்செதில்களே அந்தப் பொன்னும் கபிலமும் கலந்த பொருள். நகமும் கொம்பும் எதனால் ஆனவையோ அந்தக் கெரட்டின் என்னும் புரதத்தாலேயே அதுவும் ஆனது. வெந்நீரில் இளகும், அழுத்தினால் வளையும், ஆறினால் இறுகும். இந்தக் குணங்களே அந்தப் பிராணிக்கு யமனாய் முடிந்தன. சீப்பும், கண்ணாடிச் சட்டமும், மாண்டலின் தகடும் செய்வதற்காக உலகமெங்கும் வேட்டையாடப்பட்ட அழுங்காமையின் வாணிபத்தை, அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 1970-களில் தடை செய்தது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை முட்டையிடும் முக்கியமான கரை மலாக்காவினுடையது. தம்பினிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பாடாங் கெமுந்திங் கடற்கரையில் அதன் முட்டைகளைக் காத்துக் குஞ்சு பொரிக்கவைக்கும் நிலையம் ஒன்று நடந்து வருகிறது. ஆகவே, ‘அசல் ஆமையோடு’ என்று யாரேனும் இரகசியமாகக் காட்டினால், அதைத் தொடாமல் வந்துவிடுவதே இவ்வூர்க் கைவினைஞருக்கு அழகு.

ஆமையைக் காப்பாற்றியது ஒரு வெடிமருந்தின் உறவினர் என்பது ரசாயன சாஸ்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் தோய்த்தெடுத்தால் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸ், 1840-களில் ஷோன்பைன் என்ற விஞ்ஞானியின் கையில் வெடிபஞ்சாக வெளிப்பட்டது. அமிலத்தின் அளவைக் குறைத்து அதை மட்டுப்படுத்தி, அதனோடு கற்பூரத்தைக் கலந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிசைந்தால் வளைந்து கொடுக்கும் ஒரு பொருளாகிறது என்று கண்டு, 1870-இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹயட். பில்லியர்டு பந்துக்குத் தந்தத்துக்குப் பதிலாக வேறொன்றைக் கண்டுபிடிக்கும் முயற்சியிலிருந்து பிறந்த அந்தச் செல்லுலாய்டு, நிறம் தோய்ப்பதற்கு இசைந்ததால், ஆமையோட்டின் புள்ளிகளையும் மேகங்களையும் அப்படியே நடித்துக் காட்டியது. கித்தார்க் காப்புகளில் பெரும்பாலானவை நெடுங்காலம் இந்தச் செல்லுலாய்டினாலேயே ஆயின. அக்காலத்துச் சினிமாச் சுருள்களும் இதே குலத்தைச் சேர்ந்தவையே. எளிதில் தீப்பற்றுவதும், தானாகவே அழுகுவதும் அந்தக் குலத்தின் சுபாவம். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ முதலாக எத்தனையோ படங்கள் இன்று நமக்குக் கிட்டாமற் போயினவே, அந்த யுகத்தின் பதார்த்தம் இது.

செல்லுலாய்டில் கற்பூரத்தின் பங்கு நான்கில் ஒன்றை ஒட்டியது. சூடம் என்று நாம் சந்நிதியில் ஏற்றுகிறோமே, அந்தக் கற்பூரமேதான். அந்நாளில் தைவான் தீவின் கற்பூர மரங்களிலிருந்து வடித்தெடுத்து, ஜப்பானிய அரசாங்கம் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டு உலகுக்கு விற்ற கற்பூரம். திடநிலையிலிருந்து திரவமாகாமல் நேரே ஆவியாகும் அதன் குணத்தை, டப்பாவில் வைத்த சூடம் இளைத்துப்போவதைக் கண்டு மிளகு போட்டு மூடிவைக்கும் நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவார்கள்; மிளகு எவ்வளவு தூரம் பலிக்கிறது என்பது அவர்களுக்கே வெளிச்சம். செல்லுலாய்டுக்குள் சிறைப்பட்ட கற்பூரமும் அவ்வாறே, மிக மெதுவாக, பத்து இருபது ஆண்டுகளில் கசிந்து வெளியேறுகிறது. வெளியேறிய அளவுக்குத் தகடு சுருங்குகிறது. முதிர்ந்த தகடு அழுகத் தொடங்கிவிட்டாலோ, அதிலிருந்து எழும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு மூடிய பெட்டிக்குள் தங்கி, தந்தியையும் முறுக்காணியின் உலோகத்தையும்கூட அரித்துவிடும். பழைய கிப்சன் வாத்தியங்களின் பெட்டியைத் திறந்தவர்கள் அந்தப் புளித்த நெடியை மறப்பதில்லை.

இனி நம் மூன்றாவது அச்சத்துக்கு வருவோம். மார்ட்டின் நிறுவனத்தார் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காப்புத் தகட்டை மெருகின் மேல் ஒட்டவில்லை. வெறும் ஸ்புரூஸின் மேல் நேராக ஒட்டி, அதன்மேல் லாக்கர் என்னும் மெருகைப் பூசினார்கள். பார்வைக்கு வாத்தியத்தோடு ஒன்றிப்போன அந்தத் தகடு, காலப்போக்கில் கற்பூரத்தை இழந்து சுருங்கியபோது, தனக்கு அடியிலிருந்த மரத்தையும் பற்றி இழுத்தது. தகட்டின் விளிம்புகள் சுருண்டு எழும்பின. அல்லது, பசை விட்டுக்கொடுக்காத இடத்தில், மரமே விட்டுக்கொடுத்தது. நார்களின் போக்கில் ஒலித்துளையிலிருந்து குதிரை வரை, ஏறத்தாழ இரண்டாவது தந்திக்கு நேர்கீழாக விழும் அந்த விரிசல், பழைய மார்ட்டின் கித்தார்களைப் பழுது பார்ப்பவர்களுக்கு மிகவும் பரிச்சயமானது. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து அந்நிறுவனம் மெருகு பூசி முடித்த பின்னரே தகட்டை ஒட்டும் வழக்கத்துக்கு மாறியது. உலகின் தலைசிறந்த தொழிற்கூடங்களில் ஒன்று தன் அனுபவத்தால் கற்ற இந்தப் பாடத்தை, முதல் கித்தாரைச் செய்து முடித்தவர் இலவசமாகவே பெற்றுக்கொள்ளலாம்.

தகடு சுருங்குவது ஒருபுறம் இருக்க, மரம் விரிவது மறுபுறம் நிகழ்கிறது. தம்பினுக்கு விசேஷமானது இதுவே. மரம் காற்றிலுள்ள ஈரத்தோடு எப்போதும் கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டே இருக்கிறது. ஈரப்பதம் 45 சதவீதமாகக் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் ஸ்புரூஸ் பலகை தன் உலர் எடையில் 8 அல்லது 9 சதவீதம் தண்ணீரை வைத்துக்கொள்ளும். அதே பலகையை 80 சதவீத ஈரத்தில் பல நாட்கள் வைத்தால் அந்த அளவு 16-ஐ நெருங்கிவிடும். நார்களின் நீளவாக்கில் இதனால் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. குறுக்குவாக்கிலோ, தண்ணீர் ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் பலகை ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு அகலுகிறது. ஆக மொத்தம் நூற்றில் ஒரு பங்கு. நூற்றில் ஒன்றுதானே என்று எண்ணலாம். 40 சென்டிமீட்டர் அகன்ற கித்தாரின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதியில் அது 4 மில்லிமீட்டர்! விளிம்புகள் விலாவோடு இறுக ஒட்டப்பட்டிருப்பதால் பக்கவாட்டில் போக வழியின்றி, பலகை மேல்நோக்கிப் புடைக்கிறது. தந்தி உயர்ந்து, விரலால் அழுத்துவது கடினமாகிறது. மழைக்காலத்தில் கித்தார் ‘முரண்டு பிடிக்கிறது’ என்று சொல்லும் வாசிப்பாளர் கண்டது இந்தப் புடைப்பைத்தான்.

8 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தகடு இந்தப் பலகையின் மேல் ஒட்டியிருக்கிறது என்று கொள்ளுங்கள். அடியிலுள்ள மரம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அகல விரும்புகிறது. ஈரத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாத பிளாஸ்டிக் தகடு நகர மறுக்கிறது. அத்துடன் ஸ்புரூஸின் விறைப்பு முழுவதும் நார்களின் திசையிலேயே குவிந்திருப்பது. குறுக்குத் திசையில் அதன் விறைப்பு பத்தில் ஒரு பங்கும் தேறாது. தகட்டுக்கோ எல்லாத் திசையும் ஒன்றே. மரம் எங்கே வலுவற்றதோ, அங்கேயே தகடு அதைத் தடுக்கிறது என்பதே இதன் பொருள். ஈரம் ஒரே நிலையில் நின்றுவிட்டாலாவது இருவரும் சமாதானமாகிவிடுவார்கள். ஆனால் இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் தொங்கும் கித்தார், மறுநாள் மாலை கோயில் திடலின் திறந்தவெளிப் பந்தலுக்குப் போகிறது. மீண்டும் அறைக்குத் திரும்புகிறது. மெருகு இந்த மாறுதலைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. தோட்ட லயத்தில் எப்போதும் ஈரத்திலேயே கிடந்த காப்போக் கித்தார், குளிர்சாதன அறைக்கும் வெளிக்குமாக அலையும் இன்றைய விலையுயர்ந்த கித்தாரைவிட ஒருவகையில் நிம்மதியாக வாழ்ந்தது என்றே சொல்லவேண்டும்.

நாதத்தைப் பற்றிய அச்சத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். மேற்பலகையே கித்தாரின் உயிர் என்பதில் ஐயமில்லை. ஸ்பெயின் நாட்டுக் கித்தார்க் கைவினைஞர் டோரஸ், 1862-இல் முதுகையும் விலாவையும் காகித அட்டையால் அமைத்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் செய்து, அதை மெய்ப்பித்துக் காட்டினார். அப்படிப்பட்ட பலகையின் மேல் சுமை ஏற்றலாமா என்று கேட்பவர்கள், அதிரும் பரப்பின்மேல் வேண்டுமென்றே சுமையேற்றி நாதத்தைச் செம்மைப்படுத்திய ஒரு வாத்தியம் நம்மிடமே இருப்பதை மறக்கலாகாது. மிருதங்கத்தின் வலந்தலையில் கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து அப்பிய கரணை இல்லாவிட்டால், அந்தத் தோல் சுருதியற்ற ஓசையையே எழுப்பும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ பத்திரிகையிலும், பின்னர் 1934-இல் விரிவாகவும் எழுதிய ஆராய்ச்சியில், அந்தக் கருஞ்சுமை தோலின் ஒன்பது இயல்பான அதிர்வுகளை ஐந்து இசைவான சுரங்களுக்குள் அடக்கிவிடுகிறது என்று நிறுவினார். எனவே, சுமை என்றாலே தீது என்பதில்லை. எவ்வளவு சுமை, எந்த ஸ்தானத்தில் என்பதே கேள்வி.

கணக்கிட்டுப் பார்ப்போம். 100 சதுர சென்டிமீட்டர் பரப்பும் அரை மில்லிமீட்டர் கனமும் உள்ள செல்லுலாய்டுத் தகட்டின் எடை 7 கிராம். உட்சட்டங்களும் குதிரையும் சேர்ந்த மேற்பலகையின் எடை 200 முதல் 250 கிராம் வரை இருக்கும். அந்தப் பலகை முழுவதும் ஒன்றாய் மூச்சுவிடுவதுபோல மேலும் கீழும் அசையும் அடிப்படை அதிர்வு, பொதுவாக நொடிக்கு 200-ஐ ஒட்டியது. அதில் மிகுதியாக அசைவது குதிரையைச் சூழ்ந்த பகுதி. காப்பு அமரும் இடமோ ஒலித்துளைக்கும் விளிம்புக்கும் அருகில் இருப்பதால், குதிரை அசையும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கே அசைகிறது என்று வைத்துக்கொண்டால், சுமையின் விளைவு அந்தத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதாவது, ஏழு கிராம் தகடு ஒரு கிராமுக்கும் குறைவான சுமையாகவே வேலை செய்யும். 200 அதிர்வில் ஒன்றோ அதற்குங் குறைவோ தாழும். ஒரு சுரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 6 சதவீதம் என்பதை நினைத்தால், இந்த அரைச் சதவீதம் யார் காதுக்கு எட்டும்? உச்ச சுரங்களில், பசையும் பிளாஸ்டிக்கும் அதிர்வை உறிஞ்சும் காரணத்தால் சிறிதளவு பிரகாசம் குறையலாம் என்பதை மறுக்கவில்லை. 1960-இல் கிப்சன் வெளியிட்ட ஹம்மிங்பேர்டு கித்தாரைப் போல, பறவையும் கொடியும் தீட்டிய பெருந்தகடு பலகையில் அதிக இடத்தை ஆக்கிரமித்திருக்குமானால் பேச்சு வேறு. ஆனால் அந்தக் கித்தாரைத் தேடி வாங்குபவர்களுக்கும் குறைவில்லை.

கணக்கை நம்பாதவர்கள் கண்ணால் காணலாம். 1787-இல் ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி, மணல் தூவிய தகட்டை வில்லால் அதிரச் செய்து, அசையாத கோடுகளில் மணல் சென்று குவிவதைக் காட்டினார். கித்தார் செய்பவர்கள் மணலுக்குப் பதிலாக உலர்ந்த தேயிலைத் தூளை மேற்பலகையில் தூவி, ஒலிபெருக்கியால் 200-ஐ ஒட்டிய சுருதியை எழுப்பிப் பார்ப்பதுண்டு. தூள் துள்ளிக் கலையும் இடம் உயிருள்ள இடம். ஓய்ந்து படிந்துவிடும் இடம் அசைவற்ற இடம். தகட்டை ஒட்டுமுன் அதன் இடத்தில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், வாதப் பிரதிவாதங்களில் பாதி தானாகவே ஓய்ந்துவிடும்.

ஒட்டுவதென்று முடிவு செய்துவிட்டால் அவசரம் ஆகாது. புதிதாகப் பூசிய மெருகு தொடுவதற்கு உலர்ந்ததாகத் தோன்றினும், உள்ளே முற்றிலும் இறுக வாரங்கள் பிடிக்கும். தம்பினின் மழை மாதங்களில் அதற்கு மேலும் பொறுப்பது நல்லது. காகிதத்தில் வடிவத்தை வெட்டி, ஒலித்துளையைச் சுற்றிய அலங்கார வளையத்தின் வளைவோடு விளிம்பு பொருந்துகிறதா என்று பார்த்து, வாசித்துக் காட்டச் சொல்லி, பிக் உண்மையில் எங்கே படுகிறது என்று கவனித்த பிறகே தகட்டை வெட்டவேண்டும். அழகுக்காக ஒரு வடிவம், காப்புக்காக ஒரு வடிவம் என்று இரண்டு இருப்பதை அப்போதுதான் உணர்வோம். வெட்டிய விளிம்பைச் சரிவாக இழைத்துவிட்டால் கைபட்டு எழும்பாது. இன்று கிடைக்கும் அக்ரிலிக் பசையேடு மெருகைக் கெடுக்காமல் பற்றுவது. அதை மெருகின் மேலன்றி வெறும் மரத்தின் மேல் ஒருபோதும் ஒட்டலாகாது. நாப்தா தோய்த்த துணியால் பலகையைத் துடைத்து, சோப்பு கலந்த நீரில் ஓரிரு துளி தெளித்தால், தகட்டைச் சற்றே நகர்த்திச் சரியான இடத்தில் அமர்த்த அவகாசம் கிடைக்கும்; பின்பு நடுவிலிருந்து வெளிநோக்கி அழுத்தி நீரை வெளியேற்றிவிட வேண்டும். பிற்காலத்தில் எடுக்க நேர்ந்தால், தலைமுடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடேற்றி, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு அறுத்தெடுக்கலாம். கையால் செய்த கித்தார்களில் பல, அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் தேய்த்து ஏற்றிய மெருகுடையவை. அந்த மெல்லிய மெருகைப் பசையேடு தன்னோடு உரித்துக்கொண்டு வந்துவிடும். அவற்றுக்குப் பசையே இல்லாமல் தானே ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஏட்டை, வாசிக்கும் நேரத்தில் மட்டும் ஒட்டி, பின் எடுத்துவிடுவதே உசிதம். அப்படியே விட்டுவைத்தால், சிலவகை வினைல் ஏடுகளிலுள்ள எண்ணெய்ச் சத்து மெருகைக் கரைத்துப் பிசுபிசுக்கச் செய்யும்.

பிளாஸ்டிக்கை விரும்பாதவருக்கு மரமே இருக்கிறது. அரை மில்லிமீட்டருக்குச் சீவிய ஈட்டி மரத்தையோ, இங்கேயே கிடைக்கும் தூங்குமூஞ்சி மரத்தையோ, நார்களின் திசை மேற்பலகையின் நார்களோடு ஒத்துப்போகும்படி வைத்து ஒட்டினால், ஈரம் ஏறும்போது இரண்டும் ஒரே திசையில் அகலும், இறங்கும்போது ஒரே திசையில் சுருங்கும். அளவில் வித்தியாசம் இருந்தாலும் பகைமை பெருமளவு குறைந்துவிடும். குறுக்காக வைத்தால் வரிகள் பார்க்க அழகாயிருக்கும் என்று ஆசைப்படுபவர்கள், மார்ட்டினின் விரிசலைத் தம் கையாலேயே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

விரலால் மட்டுமே வாசிப்பவருக்குக் காப்பு வேண்டியதே இல்லை. விரலால் பலகையைத் தட்டித் தாளமிடும் ஃபிளமெங்கோ வாசிப்பவருக்கோ, தந்திகளின் இருமருங்கிலும் மெல்லிய தகடு கட்டாயம் வேண்டும். பிக் கொண்டு வாசிக்கும் மற்றவர்களுக்கு, தம்பின் ஈரத்தில் நான் சிபாரிசு செய்வது அரை மில்லிமீட்டருக்கு மேற்படாத தகடு, மெருகின் மேல், கழற்றக்கூடிய பசையால். அதையும் வாங்குமுன், கித்தார்ப் பெட்டிக்குள் வைக்கும் சிறிய ஈரமானி ஒன்றை வாங்குங்கள். அது ஒரு மாதம் காட்டும் எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு, அவை நிலைத்து நிற்கும் அறையில் வைத்தே தகட்டை ஒட்டுங்கள்.